கிணற்றிலிருந்து எடுத்த பெயர்

கோயில் காரியங்களைப் பார்க்கிற டெனிஸ்டனுக்கு எதுவும் ஒழுங்காக இருக்கவேண்டும். அந்த ஒழுங்குதான் செலீன் வீட்டைக் கலைத்தது என்று தமிழ்ப் பங்கில் சிலர் இன்றைக்கும் சொல்வார்கள். அது டெனிஸ்டனுக்குச் செய்கிற அநியாயம். அவர் செய்ததெல்லாம் பெயர்களை அகரவரிசையில் அடுக்கியதுதான்.

மொன்ட்ரியால் தமிழ்க் கத்தோலிக்கரின் கோயிலில் ஐப்பசி மாதம் பிறந்தால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டு உறைகள் கொடுப்பார்கள். ஊதா உறை மரித்தவர்களுக்கு. வெள்ளை உறை உயிரோடிருப்பவர்களின் மன்றாட்டுக்கு. வெள்ளை உறைகளை மாதாவின் பாதத்தடியில் போட்டுவிடுவார்கள், யாரும் திறப்பதில்லை. ஊதா உறைகளிலுள்ள பெயர்களை ஆத்துமாக்கள் திருநாளன்று பூசையில் உரத்து வாசித்து, பிறகு உறைகளைப் பீடத்தின் கீழே ஒரு பிரம்புக் கூடையில் நவம்பர் முடியும்வரை வைத்திருந்து, கடைசி நாள் எரிப்பார்கள். முந்திய வருடங்களில் குடும்பம் குடும்பமாகத்தான் பெயர்களை வாசித்து வந்தார்கள். 2007ஆம் ஆண்டு டெனிஸ்டன் ஒரு மடிக்கணினி வாங்கினார். முந்நூற்றுச் சொச்சம் பெயர்களையும் தட்டினார். ஒரு பொத்தானை அமத்தினார். யாழ்ப்பாணத்தாரும் மன்னார்க்காரரும், அடித்துக்கொண்டு செத்தவர்களும், கல்யாணப் பேச்சு முறிந்தவர்களும் ஒரே வரிசையில் வந்து நின்றார்கள். அவருக்கு அதில் பெரிய பெருமை.

நவம்பர் இரண்டாம் திகதி வெள்ளிக்கிழமை, பின்னேரப் பூசை. வெளியே மழையும் ஆலங்கட்டியும் கலந்து விழுந்துகொண்டிருந்தன. கோயிலுக்குள் ஈரக் கோட்டுகளின் மணம். டெனிஸ்டன் ரயில் நிலையத்தில் அறிவிப்பவரைப்போல வாசித்தார். முதலில் ஓர் அடைக்கலமுத்து, அடுத்து ஓர் அந்தோனிப்பிள்ளை, மூன்றாவதாக, தகப்பன் பெயரை முன்னால் சேர்த்து, "செபமாலை அம்புறோஸ், பேசாலை."

அம்புறோஸ் செலீனின் தம்பி. அவன் செத்தான் என்று யாரும் சொன்னதில்லை. 1999இல் ஒரு செவ்வாய்க்கிழமை விடிய, சைக்கிளில் மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு பேசாலையிலிருந்து மன்னாருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. இரண்டு நாள் கழித்துச் சைக்கிள் மட்டும் ஒரு சோதனைச் சாவடிக்குப் பக்கத்து வேலியில் சாத்தியபடி கிடந்தது. பெட்டியில் ஐஸ் உருகி மீன் நாறிப்போயிருந்தது. கேட்ட இடமெல்லாம் தெரியாது என்றார்கள். அந்தத் தெரியாது என்பதை வைத்துக்கொண்டு குடும்பம் எட்டு வருடம் சீவித்துவிட்டது. பூசை கொடுக்கவில்லை. படத்துக்கு மாலை போடவில்லை. அவன் மனைவி அக்னெஸ் தாலியைக் கழற்றவில்லை. 2003இல் அவளும் மகள் ஜொய்சியும் கனடா வந்து, கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் செலீனும் புருசன் மரியதாசனும் இருந்த நாலரை வீட்டில் சேர்ந்துகொண்டார்கள். நாலரை என்றால் மொன்ட்ரியால்காரருக்கு விளங்கும்: இரண்டு படுக்கையறை, ஓர் இருக்கை அறை, ஓர் அடுக்களை. குளியலறைதான் அந்த அரை.

பெயர் வாசிக்கப்பட்டதும் அக்னெஸ் எழுந்தாள். கோட்டை எடுத்தாள், நடுப்பாதையால் நடந்து வெளியே போனாள். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். அந்த வீட்டு உறைகளை ஒவ்வொரு வருடமும் நிரப்புகிறவள் செலீன்தான். தகப்பன், தாய், மாமி மூவரும் ஊதாவில். தம்பி வெள்ளையில். இந்த வருடம் வேலை செய்கிற வீட்டு அடுக்களை மேசையில் வைத்து, அவசரத்தில் நிரப்பி ஒட்டியிருந்தாள். எந்தத் துண்டை எதற்குள் வைத்தாள் என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. பேசாலைச் சனம் கோயில் வாசலிலேயே அவளைச் சூழ்ந்துகொண்டது. சொந்தத் தம்பியை உயிரோடு புதைத்துவிட்டாயே என்று ஒரு கிழவி சொன்னாள். அதைத்தான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அக்னெஸ் சண்டை பிடிக்கவில்லை. செலீன் மன்னிப்புக் கேட்டபோது "விடுங்கோ மச்சாள்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அடுத்த நாளிலிருந்து சின்னச் சட்டியில் தனக்கும் பிள்ளைக்கும் தனியாகச் சோறு காய்ச்சத் தொடங்கினாள். ஒரு கிழமை கழித்து, தன்னோடு ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்யும் சிவமலர் நகரத்தின் மறுகோடியில், மொன்ட்ரியால்-நோரில், ஓர் அறை தருகிறாள் என்றும், டிசம்பர் முதலாம் திகதி அங்கே போகப்போவதாகவும் மரியதாசனிடம் சொன்னாள். செலீனிடம் சொல்லவில்லை.

செலீனுக்கும் மரியதாசனுக்கும் பிள்ளை இல்லை. ஆறு வயதில் வந்து இறங்கிய ஜொய்சிக்கு இப்போது பத்து. அவளுடைய பள்ளிக்கூடப் பை, பனிச்சப்பாத்து, பாதி பிரெஞ்சும் பாதி தமிழுமாக அவள் செய்கிற வழக்குகள், இவைதான் அந்த வீட்டின் சத்தம். வருட நடுவில் பள்ளிக்கூடம் மாறமாட்டேன் என்று பிள்ளை அழுதது. மரியதாசன் ஒரு பேக்கரியில் விடியற்காலை வேலை செய்கிற மனுசன். மாவிலே காட்டுகிற பலத்தை அவர் பேச்சிலே காட்டுவதில்லை. பங்குச் சுவாமியாரிடம் போய்க் கேள் என்று மட்டும் சொன்னார். சுவாமி, மன்றாட்டு யாரையும் கொல்லாது மகளே, அடுத்த ஞாயிறு உயிருள்ளவர்களுக்கான பூசையில் உன் தம்பியின் பெயரைச் சேர்ப்போம் என்றார். சேர்த்தும் விட்டார். அக்னெஸ் அந்த ஞாயிறு பூசைக்கே போகவில்லை.

செலீன் வேலை செய்த வீடு நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருந்தது. காலை ஐம்பத்தோராம் இலக்க பஸ்ஸில் போய் எட்டு மணிக்கு இறங்கினால் ஒரு மணி வரைக்கும் வேலை. மிஸிஸ் பாரிக்கு எண்பத்தெட்டு வயது. வேல்ஸ் தேசத்துக்காரி, போர் முடிந்ததும் ஒரு கனடாச் சிப்பாயைக் கட்டிக்கொண்டு கப்பலில் வந்தவள். சிப்பாய் செத்து இருபது வருடமாகிவிட்டது. வேலைக்கு வந்த புதிதில் செலீன் அவளை இங்கிலாந்துக்காரி என்று சொல்லிவிட்டாள். அன்றைக்குக் கிழவி கஞ்சி குடிக்கவில்லை. உன்னைச் சிங்களத்தி என்றால் நீ ஏற்றுக்கொள்வாயா என்று கேட்டாள். அதற்குப்பிறகு செலீன் அந்தப் பிழையை விட்டதில்லை.

முதலில் குளிக்க வார்க்கவேண்டும். பிறகு நீர் கட்டிய கால்களுக்கு அந்த இறுக்கமான காலுறைகளை ஏற்றவேண்டும். அது சும்மா வேலையில்லை, செலீனுக்கே வேர்த்துவிடும். முழங்கால் நோகும்போது கிழவி தன் பாசையில் ஏதோ முணுமுணுப்பாள். செபமா வசவா என்று செலீனுக்கு நான்கு வருடமாகியும் பிடிபடவில்லை. பிறகு ஓட்ஸ் கஞ்சி, சீனி கூடாது, உப்பு. பிறகு தேத்தண்ணீர். அதிலே இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. கரண்டி நட்டால் நிற்கிற சாயம்.

அடுக்களைச் சுவரில் ஒரு படம் தொங்கியது. பெரிய மலையொன்றைப் படிபடியாக வெட்டி எடுத்திருந்தார்கள். மலையும் சாம்பல், வானமும் சாம்பல். அதுதான் மிஸிஸ் பாரியின் ஊர். அங்கே தகடு தகடாகப் பிளக்கிற ஒரு கல் உண்டு, சிலேட்டு. அதை மெல்லிசாகச் சீவி உலகம் முழுவதும் கூரை போட அனுப்பினார்கள். தகடுகளின் அளவுக்கு ராணி, டச்சஸ், கவுண்டஸ் என்று பெயர் வைத்திருந்தார்களாம். அரண்மனைப் பெண்களையெல்லாம் அறுத்து அறுத்து அனுப்பிவிட்டு, எங்கள் ஆட்கள் தூசு தின்று இருமிச் செத்தார்கள் என்பாள் கிழவி. ஓயாத மழை, ஆடு, கல், இந்த மூன்றும்தான் அவள் ஊர். பனையும் மணலும் கடலுமாகத் தட்டையான நிலத்தில் பிறந்த செலீனுக்கு மலையும் தெரியாது, சாம்பல் மழையும் தெரியாது. ஆனாலும் அந்தப் படத்தைத் துடைக்கும்போதெல்லாம் அங்கே யாரோ தனக்குத் தெரிந்தவர்கள் இருப்பதுபோலத்தான் அவளுக்கு இருக்கும்.

வேதத்தில் மட்டும் இருவரும் எதிரும் புதிரும். மிஸிஸ் பாரியின் சபையில் சுரூபம் இல்லை, மெழுகுதிரி இல்லை, செத்தவர்களுக்காகச் செபிப்பதும் இல்லை. செத்தவன் கடவுளின் பாடு என்பாள். செலீனின் செபமாலையைக் கண்டால் கண்ணைச் சிமிட்டுவாள். ஆனால் மழைநாளில் வாயைக் கிளறினால் வேறு கதை வரும். அவர்கள் நாட்டில் ஊருக்கு ஒரு புனிதர், புனிதருக்கு ஒரு கிணறு. ரோமாபுரி கேள்விப்படாத புனிதர்கள். ஒரு கிணறு கண் நோவுக்கு, ஒன்று பிள்ளை வரத்துக்கு, ஒன்று வாதத்துக்கு. குளித்துவிட்டு உடுப்பில் ஒரு துண்டைக் கிழித்துப் பக்கத்து மரத்தில் கட்டிவிட்டு வரவேண்டும், துண்டு உக்கிப்போக நோவும் போய்விடும். போதகர்மார் பிரசங்கத்தில் அதையெல்லாம் ஏசுவார்கள், அவர்களுடைய பெண்சாதிமார் பின்வழியால் கிணற்றுக்குப் போவார்கள். செலீன் மடுமாதா கோயிலின் மண்ணைப் பற்றிச் சொன்னாள். பாம்பு கடித்தால் அதைக் கரைத்துக் கொடுப்பார்கள், அவளுடைய அலமாரியிலும் ஒரு போத்தல் இருக்கிறது. கிழவி அதை மூட நம்பிக்கை என்று சொல்லவில்லை. எனக்கும் கொஞ்சம் கொண்டுவா, இந்த வீட்டில் பாம்பு இல்லாவிட்டாலும் எனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்றாள்.

நவம்பர் நடுவில் ஒருநாள் செலீன் கஞ்சிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டாள். ஒரு வாய் வைத்துவிட்டுக் கிழவி கோப்பையைத் தள்ளினாள், என்ன நடந்தது என்று கேட்டாள். செலீன் தன் உடைந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். உறைகள், பெயர், எழுந்துபோன அக்னெஸ், டிசம்பர் முதலாம் திகதி. மிஸிஸ் பாரி தேத்தண்ணீரைக் கிட்ட இழுத்துக்கொண்டாள். பிறகு தன் தாயின் தகப்பன் கதையைச் சொன்னாள்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்த வருடத்தில் கல்லுடைக்கிற மலையில் வேலை நின்றது. முதலாளி கதவை மூடினான், ஆட்கள் பணியமாட்டோம் என்றார்கள். மூன்று வருடம். வேலைக்குத் திரும்பாத வீடுகளில் சாளரத்தில் ஓர் அட்டை வைத்திருந்தார்கள், இந்த வீட்டில் துரோகி இல்லை என்று. அந்தச் சொல்லைக் கேட்டதும் செலீன் கையிலிருந்த துணியை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அந்தச் சொல்லை அவளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அம்புறோஸ் போனபிறகு அவனைப் பற்றியும் ஊரில் இரண்டு பக்கமும் அதைத்தான் கிசுகிசுத்தார்கள். கிழவியின் தாத்தா வீட்டிலும் அட்டை இருந்தது. இரண்டாவது மாரியில் இரண்டு பிள்ளைகளுக்கு நெஞ்சுச்சளி வந்து, பால் வாங்க வழியில்லாமல் போனபோது, ஒருநாள் விடிய அவர் அட்டையை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டு மலைக்குப் போனார்.

அந்த ஊருக்கு அப்பால் ஒரு கிணறு இருந்தது. மற்றக் கிணறுகள் சுகம் கொடுத்தால் அது கேடு கொடுக்கும். பிடிக்காதவனின் பெயரைச் சிலேட்டுத் துண்டில் கீறிக் கிணற்றுக்குள் போட்டுவிட்டால், கல் தண்ணீரில் கிடக்கிறவரைக்கும் அவன் தேய்ந்துகொண்டு போவான். தாத்தாவின் பெயரைப் போட்டது வேறு யாருமில்லை, கூடப்பிறந்த தங்கையின் புருசன்தான். போட்டதைச் சந்தையில் வைத்துச் சொல்லியும் விட்டான். தாத்தா அன்றைக்குப் படுத்தவர், சாப்பாட்டை நிறுத்திவிட்டார். வைத்தியர் நோயொன்றும் இல்லை என்றார். ஆள் எலும்பாகிக்கொண்டு போனார்.

செலீன் கேட்டாள், அப்படிப் போட்ட பெயருக்கு மாற்று இல்லையா என்று.

"இருக்கிறது," என்றாள் மிஸிஸ் பாரி. "கிணற்றிலிருந்து கல்லை எடுக்கவேண்டும். எடுத்து, அதற்குரிய ஆளின் கையில் வைக்கவேண்டும். எடுத்துவிட்டேன் என்று வாயால் சொல்லிப் பயனில்லை. கையில் கனக்கவேண்டும்."

பாட்டி ஒருநாள் மழையில் புறப்பட்டுப் போனாள். பொழுதுபடத் திரும்பி வந்து, ஈரம் சொட்டுகிற ஒரு சிலேட்டுத் துண்டைப் புருசனின் கையில் வைத்தாள். அதில் அவருடைய பெயரின் முதல் எழுத்துகள் கீறியிருந்தன. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சூப் கேட்டார். இன்னும் இருபத்தாறு வருடம் இருந்தார்.

கிழவி அத்தோடு நிறுத்தவில்லை. அவள் தாய் எண்பது வயதில் சொன்னாளாம், அந்தக் கிணற்றைச் சபைக்காரர் கல் கொட்டி மூடி அப்போதே நெடுங்காலம் ஆகியிருந்தது. தண்ணீரே இல்லை. தங்கையின் புருசன் சும்மா வெருட்டியிருக்கிறான். பாட்டி பாதி வழியில் ஓர் ஆட்டுக் கொட்டிலுக்குள் இருந்து, உடைந்த கூரைத் தகட்டில் ஆணியால் கீறி, மழையில் நனைத்துக்கொண்டு வந்தாள். இதைச் சொல்லிவிட்டு மிஸிஸ் பாரி இருமல் வரும்வரை சிரித்தாள். நீயும் ஓர் உறையில் எழுதிக்கொண்டுபோய் அவள் கையில் வை, யாருக்குத் தெரியும் என்றாள்.

செலீனுக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டி கெட்டிக்காரிதான். ஆனால் அந்தக் கிணற்றில் பெயர் இருக்கவில்லை, கோயில் கூடையில் பெயர் இருக்கிறது. தானே வைத்தது. அதைத் தானே எடுத்து அக்னெஸின் கையில் வைக்கவேண்டும். பத்து நாளாக அதையே நினைத்துக்கொண்டு காலுறை ஏற்றினாள், கஞ்சி காய்ச்சினாள், பஸ்ஸில் இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போனாள்.

இருபத்தாறாம் திகதி திங்கட்கிழமை வேலை முடிந்ததும் டெனிஸ்டனுக்குப் போன் எடுத்து, கோயிலைத் திறந்துவிடச் சொன்னாள். முதல் பனி விழுந்து தெருவோரமெல்லாம் சேறாகிக் கிடந்தது. டெனிஸ்டன் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். மூன்று கிழமையாக ஊர் அவரையும்தான் ஏசியிருந்தது. செலீன் கூடையைத் தூக்கி முன் வாங்கில் வைத்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, இது ஆக்களின்ர செத்தவை. உப்பிடி எல்லாத்தையும் கிண்டேலாது."

"என்ர உறையைத்தான் தேடுறன். மற்றவையின்ர பேரை வாசிக்கமாட்டன்."

"வாசிக்காம எப்பிடித் தேடுவியள்?"

செலீன் கூடைக்குள் கையை விட்டாள். தேடத் தொடங்கினாள். அவளுடைய உறை சீக்கிரமே அகப்பட்டது, மூலையில் மிஸிஸ் பாரி வீட்டுத் தேத்தண்ணீர்க் கறை. துண்டை இழுத்தாள். தகப்பன், தாய், மாமி. மூன்று பெயர். திருப்பிப் பார்த்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நாலாவது பெயர் இல்லை. அவள் பிழை விடவே இல்லை.

மூன்று கிழமைப் பாரம் இறங்கியதில் முதலில் அவளுக்குச் சந்தோசம்தான் வந்தது. அது ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அப்படியென்றால் தம்பியின் பெயரை வேறு யாரோ போட்டிருக்கிறார்கள். யார் அவனைச் செத்தவன் என்று முடிவு கட்டியது? அவள் கிழவியின் கதையில் வந்த தங்கை புருசனை நினைத்துக்கொண்டாள். வாசிக்கமாட்டேன் என்று சொன்ன வாக்கைக் காற்றில் விட்டுவிட்டு ஒவ்வோர் உறையாகப் பார்த்தாள். ஒருவர் பதினொரு பெயர் எழுதி, மற்றும் நாங்கள் மறந்துபோனவர்கள் என்று முடித்திருந்தார். ஒருவர் பெயரே எழுதாமல் ஒரு திகதி மட்டும் எழுதியிருந்தார். டெனிஸ்டன் முதலில் தலையைச் சொறிந்தார், பிறகு தானும் வந்து இருந்து, பார்த்தவற்றை ஒழுங்காக அடுக்கத் தொடங்கினார்.

நூறு தாண்டியபிறகு அது வந்தது. உறையில் வீட்டுப் பெயர் இல்லை. உள்ளே கொப்பித் தாளில் கிழித்த ஒரு துண்டு. செபமாலை அம்புறோஸ், பேசாலை. அதன் கீழே, என் கணவர்.

செலீன் துண்டை உறைக்குள் வைத்தாள். உறையைக் கைப்பைக்குள் வைத்தாள். கிடைத்ததா என்று டெனிஸ்டன் கேட்டதற்கு ஓம் என்றாள். அவர் நல்ல மனுசன், வேறொன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்கு நடந்துதான் போனாள். அக்னெஸ்மேல் கோபம் வருமென்று பார்த்தாள், வரவில்லை. பயம்தான் வந்தது. இந்தத் துண்டைக் காட்டினால் அக்னெஸ் வெட்கப்பட்டு நாளைக்கே பெட்டியைக் கட்டிவிடுவாள், ஜொய்சியும் போய்விடும். காட்டாவிட்டாலும் சனிக்கிழமை போகத்தான் போகிறாள். மிஸிஸ் பாரியின் பாட்டி ஆட்டுக் கொட்டிலில் செய்த வேலை இப்போது அவ்வளவு பிழையாகத் தெரியவில்லை. பிழை என்னுடையதுதான், இதோ பெயரை எடுத்துவிட்டேன் என்று சொல்லி, உள்ளே பார்க்காதவளைப்போலக் கையில் கொடுத்துவிட்டால் முடிந்தது. படியேறும்போது அதைத்தான் தீர்மானித்துக்கொண்டு ஏறினாள்.

அக்னெஸ் காலை வேலை முடிந்து வந்து அடுக்களையில் புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தாள். இருக்கை அறையில் இரண்டு பெட்டிகள் கட்டி முடிந்து கிடந்தன. செலீன் கோட்டைக் கழற்றாமலே போய், மாப் படிந்த அந்தக் கையில் உறையை வைத்தாள்.

"கோயில் கூடைக்குள்ளையிருந்து எடுத்துக்கொண்டு வந்திட்டன். என்ர பிழைதான் அக்னெஸ். இனி அவன்ர பேர் அங்கை இல்லை."

அக்னெஸ் உறையைப் பார்த்தாள். வீட்டுப் பெயர் எழுதாத உறை.

"உள்ளுக்குப் பாத்தனீங்களோ?"

இல்லை என்று சொல்ல ஆயத்தமாகத்தான் செலீன் வந்திருந்தாள். வாயில் ஓம் என்றுதான் வந்தது.

அக்னெஸ் முக்காலியில் இருந்தாள். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் செலீனைப் பார்த்துப் பேசியது அந்த மாதத்தில் அதுதான் முதல் தடவை.

"எட்டு வருசமா அவரின்ர பேரை ஒருத்தரும் சத்தமாச் சொல்லேல்லை மச்சாள். நீங்கள் தம்பி எண்டுவியள், மரியதாசன் அண்ணை அவன் எண்டுவார், பிள்ளை பிரெஞ்சில பப்பா எண்டும். ஒருக்கா ஆரும் உரத்துச் சொல்லட்டும், என்னாலை கேக்க ஏலுமோ எண்டு பாப்பம் எண்டுதான் எழுதிப் போட்டனான். வீட்டுப் பேர் இல்லாத உறையைக் கடைசியாத்தான் வாசிப்பினம், அதுக்கிடையில மனதைத் திடப்படுத்தலாம் எண்டு இருந்தன். டெனிஸ்டன் அண்ணை மூண்டாவதா வாசிச்சுப்போட்டார்."

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே."

"எப்பிடிச் சொல்லுறது? நீங்கள் ஒவ்வொரு வருசமும் வெள்ளை உறையில அவரை எழுதுறதை நான் பாத்துக்கொண்டிருக்கிறன். பேந்து எல்லாரும் உங்களைப் பேசினவை, நான் வாயைத் திறக்கேல்லை. நீங்கள் மன்னிப்புக் கேக்கக் கேக்க எனக்கு உங்கட முகத்தைப் பாக்கேலாமப் போச்சு. அதுதான் போறன் எண்டனான். கோவத்தில இல்லை."

"நீ ஒரு இடமும் போகவேண்டாம். உதைத் தா, கிழிச்சுப் போடுறன். ஆருக்கும் தெரியாது. என்ர பிழையாவே இருந்திட்டுப் போகட்டும்."

அக்னெஸ் உறையைக் கொடுக்கவில்லை. மாக்கையால் அதை மடியில் வைத்துத் தடவினாள்.

"கிழிக்கக் கூடாது மச்சாள். அவர் மற்ற ஆத்துமாக்களோட அங்கை இருக்கட்டும், திருப்பிக் கூடைக்குள்ள வைக்கவேணும். மாதம் முடிய இன்னும் நாலு நாள் கிடக்கு."

பெயரை வெளியே எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் செலீன் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். எடுத்த பெயரைத் திருப்பிக் கேட்பார்கள் என்று மிஸிஸ் பாரியின் கதையில் வரவில்லை.

"என்னாலை ஏலாது அக்னெஸ். அவன் என்ர தம்பி. என்ர கையால அவனை அங்கை கொண்டுபோய் வைக்கமாட்டன்."

"நீங்கள் வைக்கவேண்டாம். நான் வைக்கிறன். நீங்கள் பக்கத்தில வந்து நிண்டாக் காணும்."

எட்டு வருடமாகச் செலீன் தம்பிக்காக ஒருநாளும் அழுததில்லை. அழுதால் அவன் செத்துவிட்டான் என்று தானே ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று பயந்திருந்தாள். இப்போது கோட்டோடும் சேறு படிந்த சப்பாத்தோடும் அடுக்களைத் தரையில் இருந்துவிட்டாள். அக்னெஸ் அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்து பக்கத்தில் இருந்தாள். ஜொய்சி பள்ளிக்கூடத்தால் வந்து கதவைத் தட்டும்வரைக்கும் செலீன், "அம்புறோஸ், அம்புறோஸ்" என்று அவன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள்.